குழாய் ஸ்பீக்கரில் வளர்ந்த காது

எங்கள் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கோயில் பொங்கல் எதுவானாலும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, அகுஜா ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிடுவார். பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். கேட்பதெல்லாம் குரலும் நாதஸ்வரமும் வயலினும்தான். குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடிச்சத்தம் பெரிதாக வராது. அந்தப் பாட்டுகளில் பேஸ் என்று ஒன்று இருந்ததே எனக்குப் பல வருடம் தெரியாது.

வேலைக்குப் போய் முதல் போனஸில் ஒரு ஹெட்போன் வாங்கினேன். "பேஸ் சும்மா அதிரும் சார்" என்றார் கடைக்காரர். அதிர்ந்தது உண்மைதான். ஆனால் பாடகர் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடினார். பழுது என்று நினைத்து மாற்றிக்கூட வாங்கினேன். புதிதிலும் அதே கிணறு.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய சென்ஹைசர் எச்டி 600ஐக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். 1997இல் வந்த மாடல், பின்பக்கம் திறந்த வகை. அதன் மின்தடை 300 ஓம் என்பதால் போனில் நேரே செருகினால் சத்தம் போதாது என்று ஒரு சின்ன ஆம்ப்பும் சேர்த்துக் கொடுத்தார். முதல் வரியிலேயே குரல் முன்னால் வந்து நின்றது. அடி பேஸ் அதில் குறைவு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. குழாயில் கேட்ட பாட்டை யாரோ தூசி தட்டிக் கையில் கொடுத்தது போல இருந்தது.

நீங்கள் எந்தச் சத்தத்தில் வளர்ந்தீர்கள்? இப்போது எது பிடிக்கிறது?

* * *

எனக்கு நேரெதிர். கல்லூரி முடியும்வரை மினி பஸ்தான். கடைசி சீட்டுக்கு அடியில் பேஸுக்கென்றே 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். பாட்டு காதுக்கு வருவதற்கு முன்பே முதுகுக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லும் அதே எச்டி 600ஐ நானும் அரைமணி நேரம் கேட்டேன். உப்பில்லாத சாம்பார். குறை அதில் இல்லை, என் முதுகில் இருக்கிறது. எந்த ஹெட்போனும் முதுகைத் தொடாதே! அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பேஸைக் கூட்டிக் கூட்டி வைக்கிறேனோ என்னவோ.

ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் நிறையப் பேரைக் கேட்கவைத்துச் சோதித்திருக்கிறார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதை ஒத்த அமைப்புதான் பெரும்பாலோருக்குப் பிடித்தது. ஆனாலும் இன்னும் பேஸ் வேண்டும் என்று ஒரு கூட்டம், குறைத்தால் நல்லது என்று ஒரு கூட்டம், இரண்டும் தனியாகப் பிரிந்து நின்றன. முதல் கூட்டத்தில் நான், அடுத்ததில் நீங்கள்.

* * *

எட்டு வருடம் மிருதங்கம் கற்றவள் நான். வாசிக்க உட்காருமுன் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவோம், அடிநாதம் அதிலிருந்துதான் வருகிறது. பேஸ் மிகுந்த ஹெட்போனில், தொப்பியில் எழும் கும்கி என்ற வளைந்த அடிநாதம் இழுத்துக்கொண்டே போய் அடுத்த சொல்லை மூடிவிடும். கடையில் போட்டுக் காட்டும் பாட்டில் இதெல்லாம் தெரியாது. அதனால் மிருதங்கம் தனியாக ஒலிக்கும் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போனில் வைத்துக்கொண்டுதான் வாங்கப் போவேன். சொல்கட்டு ஒவ்வொன்றாக எண்ணும்படி கேட்டால் வாங்குவேன், இல்லாவிட்டால் வணக்கம்.

இன்னொரு விசித்திரம். எனக்கு மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை எப்போதும் வலது காதுப் பக்கம். எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு அது இடப்பக்கம். சில பதிவுகள் ரசிகர் பக்கத்திலிருந்து அமைந்திருக்கும். அப்போது ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொள்வேன். வீட்டில் சிரிப்பார்கள்.

* * *

வால்யூமைப் பற்றி யாரும் பேசவில்லையே. கைக்குழந்தை தூங்கும் அறையில் இருந்துகொண்டு நான் கேட்பது மெல்லிய சத்தத்தில்தான். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, நம் காதுக்குப் பேஸ் மற்றதைவிட வேகமாக மறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே அளந்து சொன்னது இது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, இதற்காகத்தான். பகலில் எனக்குச் சரியாக இருக்கும் ஹெட்போன் ராத்திரியில் சோகை பிடித்ததாகிவிடும், ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொள்கிறேன்.

மினி பஸ் நண்பரே, நீங்கள் எவ்வளவு வைத்துக் கேட்கிறீர்கள்? 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் போகப் போக நேரம் மளமளவென்று குறையும்.

* * *

மாட்டிக்கொண்டேன். பத்துக்கு ஒன்பது புள்ளி. ஒரு வாரம் ஆறில் வைத்துப் பார்க்கிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். நேற்று ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். திருவிழாக்களில் அவரே ஆயிரம் தடவை போட்ட பாட்டு. கண்ணை மூடிக் கேட்டவர் பாதியில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "ஏம்ப்பா, அடியில ஒருத்தன் கித்தார்ல தும் தும்னு வாசிச்சிக்கிட்டே வர்றானே, அது இந்தப் பாட்டுலயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டார். கழற்றிக் கையில் கொடுக்கும்போது, "நல்லாத்தான் இருக்கு. குரலைக் கொஞ்சம் தூக்கி வை" என்றார்.