மூன்று ஆண் கினிப்பன்றிகள், ஒரே கூண்டு, தினமும் பஞ்சாயத்து

மொட்டைமாடிக்காரன்:

கோவையில் இருக்கிறேன். வீட்டில் மூன்று கினிப்பன்றிகள். கடையில் "ஒரு ஆண், ரெண்டு பொண்ணு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ரெண்டு மாதம் கழித்து நகம் வெட்ட டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால், அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு "மூணுமே பசங்க சார்" என்றார். மிளகு, பூந்தி, குண்டன். (பூந்தி என்பது பெண் என்று நினைத்து வைத்த பெயர், இனி மாற்றுவதாக இல்லை.)

இப்போது மூன்றுக்கும் ஐந்து மாதம் இருக்கும். முன்பு ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கியவர்கள்தான். கடந்த மூன்று வாரமாக மிளகு நாள் முழுக்க உர்ர்ர் என்று உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிறான், குண்டன் பூந்தியின் முதுகில் ஏறுகிறான், பூந்தி கத்திக்கொண்டு ஓடுகிறான். நேற்று சாயந்திரம் வெள்ளரிக்காய் வைத்ததும் மிளகும் குண்டனும் பந்து மாதிரி உருண்டு சண்டை போட்டதில் முடி பறந்தது. காலையில் பார்த்தால் குண்டனின் பின்பக்கத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

கூண்டு மூன்றடிக்கு இரண்டடி. ஒரு கிண்ணம், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மரவீடு. சண்டை வந்தால் ராத்திரி மட்டும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு காலையில் திரும்பச் சேர்க்கிறேன், ஆனால் நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆகிறது. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் மனைவி, மகள் அதைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. ஆண்கள் மூன்று பேர் ஒன்றாக வாழவே முடியாதா? கருத்தடை செய்தால் அடங்குவார்களா?

அருகம்புல்:

முதலில் காயத்தைப் பாருங்கள். உப்புத்தண்ணீரில் துடைத்துச் சுத்தமாக வையுங்கள், அந்த இடம் வீங்கினாலோ கட்டியாக உருண்டாலோ உடனே டாக்டர். கடிக்காயம் மேலே ஆறி உள்ளே சீழ் பிடிப்பது இவர்களிடம் சகஜம். மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வாய்வழி பென்சிலின் வகை மருந்துகள் இவர்களுடைய குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

அடுத்து, நீங்கள் பயப்படுவதில் பாதி சண்டையே இல்லை. உறுமுவது, இடுப்பாட்டம், துரத்துவது, ஏறுவது எல்லாம் யார் பெரியவன் என்று கேட்கிற பேச்சு. மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி ஒரு வயது தாண்டும்வரை இந்த விடலைத்தனம் இருக்கும். பல்லைக் கடகடவென்று தட்டுவது, முடி சிலிர்த்து நேருக்குநேர் நிற்பது, வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டுவது, இதெல்லாம் எச்சரிக்கை. (கொட்டாவி என்று நினைத்து நானே ஒருமுறை சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தேன்.) உருண்டு புரண்டு ரத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். உங்களுடையது அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பிரிக்கும்போது கையை நீட்டாதீர்கள், நடுவில் ஒரு முறத்தைச் செருகுங்கள். என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ராத்திரி பிரித்துக் காலையில் சேர்ப்பதுதான் நீங்கள் செய்கிற பெரிய தப்பு. ஒவ்வொரு காலையும் யார் பெரியவன் என்ற கணக்கை முதலிலிருந்து போடுகிறார்கள். ஒன்று சேர்த்தே வைக்க வேண்டும், இல்லை நிரந்தரமாகப் பிரிக்க வேண்டும்.

இடமும் போதாது. உங்களிடம் இருப்பது ஆறு சதுர அடி, ரெண்டு ஆண்களுக்கே பத்தரை சதுர அடியாவது வேண்டும் என்பதுதான் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. கிண்ணமும் பாட்டிலும் ஆளுக்கொன்று, அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளி. மறைவிடத்துக்கு ரெண்டு வாசல் இருக்க வேண்டும், ஒரே வாசல் என்றால் உள்ளே போனவன் மாட்டிக்கொள்வான். வெள்ளரியை ஒரே இடத்தில் குவிக்காமல் புல்லுக்குள் இறைத்துவிடுங்கள்.

அப்படியும் மூன்று ஆண்கள் என்பது கஷ்டம்தான். பெரும்பாலும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருத்தனை ஓரங்கட்டுவார்கள்.

வாலில்லாதவன்:

மூன்றையும் ஒரே டப்பில் போட்டுக் குளிப்பாட்டுங்கள் நண்பரே, வாசனை ஒன்றாகிவிடும், அப்புறம் சண்டையே வராது. எங்கள் வீட்டில் வேலை செய்தது.

அருகம்புல்:

வாலில்லாதவன், நனைந்த பயத்தில் ஒட்டி உட்காருவதைச் சமாதானம் என்று நினைத்துவிட்டீர்கள். உடம்பு காய்ந்ததும் பழைய கதைதான், சளி பிடித்தால் அது தனிக் கவலை. வேண்டாம்.

பனிக்காடு:

தம்பி, நான் சுவிஸில் இருக்கிறேன். இங்கே 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கவே ஏலாது, துணை இருக்க வேணும். ஆனபடியால் ஒன்றைக் கொடுக்கிறதென்றால் தனியே ஒரு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே இனத்தவர் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

கருத்தடை பற்றிக் கேட்டீர்கள். ஆண்களுக்கு இடையிலான சண்டையை அது நிற்பாட்டும் என்று நம்பிச் செய்ய வேண்டாம், பழகின குணம் பழகினதுதான், மயக்க மருந்தின் ஆபத்தும் இருக்கு. இங்கே ஆட்கள் செய்விப்பது அவனைப் பெண்களோடு விடுவதற்குத்தான், அதுவும் அறுவை முடிந்து ஆறு கிழமை (ஆறு வாரம்) தள்ளி வைத்த பிறகு, ஏனென்றால் அதுவரைக்கும் பிள்ளை கொடுப்பான். சண்டையை ஆற்றப் பெண் ஒன்றைக் கொண்டுவருவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெண்ணின் வாசம் பக்கத்து அறையிலிருந்து வந்தாலே எங்கட ரெண்டு பெடியளும் ஆளையாள் கொல்லப் பார்ப்பார்கள்.

பிரிக்கிறதென்றால் நடுவில் கம்பி வலை போடுங்கள். தனியே இருப்பவன் மற்றவர்களைப் பார்க்க வேணும், மணக்க வேணும், பேச வேணும். வேறு அறையில் வைத்தால் சோர்ந்துபோவான்.

மொட்டைமாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் ஆகிறது, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஹாலில் சோபாவைத் தூக்கி மாடிக்கு அனுப்பிவிட்டு ஆறடிக்கு மூன்றடி அடைப்பு போட்டேன். முதலில் மூன்று பேரையும் குளியலறைத் தரையில், அவர்களில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஒரு மலை அருகம்புல்லோடு விட்டுப் பார்த்தோம். இருபது நிமிடம் மேய்ந்தார்கள், அப்புறம் மிளகு பல்லைத் தட்ட ஆரம்பித்தான், குண்டனும் பதிலுக்குத் தட்டினான், முறத்தைச் செருகினேன். அதற்குமேல் முயற்சி செய்யவில்லை.

யார் யார் பக்கத்தில் படுக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி மகளை உட்கார வைத்தேன். பூந்தியும் குண்டனும் என்றாள். ஏறுகிறான், துரத்துகிறான், ஆனாலும் தூங்கும்போது அவன் பக்கத்தில்தான். அதனால் அவர்கள் ரெண்டு பேருக்கும் பெரிய பக்கம், நாலடிக்கு மூன்றடி. மிளகுக்கு மீதி. பூந்தி இன்னும் கத்துகிறான், ஆனால் ரெண்டு வாசல் வழியாக ஓடிவிட்டு அரை நிமிடத்தில் திரும்பி வந்து குண்டன் பக்கத்திலேயே சாப்பிடுகிறான்.

வலையை ஒட்டித்தான் படுக்கிறான் மிளகு. அந்தப் பக்கம் பூந்தி வந்தால் மூக்கோடு மூக்கு, குண்டன் வந்தால் உறுமல்.

அருகம்புல்:

நல்லது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஓரங்கட்டப்படுகிறவன் சாப்பிடுவதை விடும்போது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். இப்போது எவ்வளவு?

மொட்டைமாடிக்காரன்:

மிளகு 790, குண்டன் 860, பூந்தி 720 கிராம். போன வாரம் பூந்தி 695.