ஏலத்தில் தோற்றவரும் வாடிக்கையாளர்தான்: எல்லையோர விற்பனையாளர்களின் அனுபவங்கள்

தக்கலையிலிருந்து (கன்னியாகுமரி மாவட்டம்):

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து அஞ்சல் தலைகளை ஈபே என்ற இணையச் சந்தையில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறேன். சிலதை ஏலத்தில், மற்றவற்றை அங்கேயே என் கடையில் நிலையான விலைக்கு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தொடங்கிய தொழில். அந்தப் பெட்டி காலியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ பழைய வீடு இடிபடுகிறது என்று கேட்டால் ஓடிப்போய் நிற்கிறேன். ஏலத்தில் ஒரு தலையை எடுத்தவர் என் கடையில் இருக்கும் மற்ற நானூறையும் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? மூன்று வருடம் எனக்குப் பிடிபடாத கணக்கு இது.

முதலில் செய்தது மடத்தனம். கூட்டம் சேரட்டும் என்று சிவகாசித் தீப்பெட்டிப் படங்களை 99 சென்ட்டிலிருந்து ஏலத்துக்கு விட்டேன். கூட்டம் சேர்ந்தது. தீப்பெட்டிப் படத்தை வாங்கிக்கொண்டு கலைந்தும் போனது. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவருக்கு அஞ்சல் தலை எதற்கு? எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் வாசலில் செந்துளுவன் வாழைக்குலையைத் தொங்கவிடுகிறார் என்றால், உள்ளே மட்டிப் பழமும் நேந்திரன் பழமும் வைத்திருக்கிறார். நான் குலையை வெளியே தொங்கவிட்டு உள்ளே ஆணி விற்றுக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தது பேச்சிப்பாறையால். திருவிதாங்கூர் மன்னரின் 27ஆவது பிறந்தநாளுக்கு 1939இல் வெளியான வரிசையில் 14 சக்கரத் தலையில் பேச்சிப்பாறை அணை இருக்கிறது. (சக்கரம் என்பது திருவிதாங்கூர்க் காசு; 28 சக்கரம் ஒரு ரூபாய். எனவே அது எட்டணாத் தலை. இந்தக் கணக்கை விவரக் குறிப்பில் எழுதிய பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. ஆள் நின்று படிக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.) அஞ்சலில் பயன்படாத, முத்திரை விழாத பிரதி ஒன்றை ஏலத்தில் வைத்தேன். பதினோரு பேர் கேட்டார்கள். தோற்ற பத்துப் பேரில் ஒருவர், வேல்ஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர், மறுநாள் எழுதினார்: “உங்கள் கடையைப் பார்த்தேன். அணை எதுவும் கிடைக்கவில்லை.”

கடையில் அதே அணைத் தலை, முத்திரை விழுந்தது, நிலையான விலையில் இரண்டு பிரதிகள் இருந்தன. நான் வருடவாரியாக அடுக்கியிருந்தேன், அவரோ உலகம் முழுவதிலும் உள்ள அணைகளைத் தேடுகிறவர். 1939 என்ற தட்டுக்குள் அணை இருக்கும் என்று அவர் கனவா காண்பார்?

இரண்டு விஷயங்கள் அன்று ஒரே நேரத்தில் உறைத்தன. வென்றவருக்குத் தேவை தீர்ந்துவிட்டது. தோற்றவர்தான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாற்றத்தோடு நிற்கிறார். அப்படியானால் கடையை அவருக்காக அடுக்க வேண்டும். வருடங்களைக் கலைத்துவிட்டு அணை, கடல், கோயில், மன்னர் என்று பிரித்தேன். கன்னியாகுமரி படம் போட்ட 7 சக்கரத் தலை ‘கடல்’ தட்டுக்குப் போனது. ஒவ்வொரு ஏலக் குறிப்பின் முதல் வரியிலும் எந்தத் தட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவது தலையிலிருந்து தபால் செலவு கிடையாது என்பதையும் அங்கேயே சேர்த்தேன். ஓர் உறையில் ஒன்று போனாலும் ஐந்து போனாலும் எனக்குச் செலவில் பெரிய வித்தியாசமில்லை. வாங்குகிறவருக்கு அது பெரிய சலுகை.

முடியும் நேரமும் முக்கியம். பிரிட்டனில் ஞாயிறு இரவு 8 மணிக்கு ஏலம் முடிய வேண்டுமானால், கோடையில் நமக்கு நள்ளிரவு தாண்டித் திங்கள் 12:30, குளிர்காலத்தில் 1:30. ஏழு நாள் ஏலம் என்பதால் ஏற்றுவதும் அதே நேரத்தில்தான். மனைவி திட்டுகிறாள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு, கேரளம்):

தக்கலை அண்ணா, ஒரே உறைக் கணக்கு எனக்கு உதவாது. நான் விற்பது பித்தளையும் வெண்கலமும். இரண்டாவது உருளிப் பாத்திரம் சேர்ந்தால் தபால் செலவும் இரட்டிப்பாகிறது. என் கடைக்கு ஆள் வந்த வழி வேறு, அதுவும் தற்செயல்.

கிண்டி (மூக்கு வைத்த செம்பு) ஒன்றை அவசரத்தில் சமையலறை அலமாரியில் வைத்தே படம் எடுத்து ஏலத்துக்கு ஏற்றிவிட்டேன். மெல்போர்னில் குடியேறிய ஒற்றப்பாலத்துப் பெண்மணி ஒருவர் எழுதினார். கிண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “பின்னால் தெரிவது சேவை நாழிதானே? என் பாட்டி வீட்டில் இருந்தது. என்ன விலை?” அந்த நாழி, சேவை பிழியும் அச்சு, என் மாமியாருடையது. மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பழைய பாத்திரக் கடையில் அதே மாதிரி மூன்று நாழிகள் கிடைத்தன. ஒன்று மெல்போர்ன் போனது, மற்ற இரண்டும் கடையில் வைத்துப் பத்து நாளில் தீர்ந்தன. இப்போது ஏலப் படங்களில் ஒன்றில் மட்டும் ஓரத்தில் இரண்டு பாத்திரங்களை எட்டிப் பார்க்க விடுகிறேன். “ஏலம் கிண்டிக்கு மட்டும், மற்றவை கடையில்” என்று தெளிவாக எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் எல்லாம் சேர்த்து வரும் என்று சண்டைக்கு வருவார்கள்.

நூற்றாண்டுப் பழைமையானது உண்டா என்றும் கேட்பார்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொல்பொருள் சட்டம் (1972) இடம் தருவதில்லை என்று சொல்லிவிட்டு, மாமியார் வயதுப் பாத்திரங்களைக் காட்டுவேன்.

நகரியிலிருந்து (ஆந்திரம்):

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. நாங்கள் நெசவுக் குடும்பம். பருத்திச் சேலைகளைக் கடையில் நிலையான விலைக்கு வைத்திருந்தேன். ஆள் வரட்டும் என்று அதே ரகத்தில் ஒரு சேலையை ஞாயிறுதோறும் குறைந்த தொகையிலிருந்து ஏலம் விட்டேன். வந்தார்கள், சுற்றியும் பார்த்தார்கள். ஆனால் கடையில் விற்பனை படுத்துவிட்டது. சிங்கப்பூர் அக்கா ஒருவர் ஒளிக்காமல் எழுதினார்: “நீலம் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு வருமா, காத்திருக்கிறேன்.” என் விலையை நானே உடைத்திருக்கிறேன். நெய்தவருக்குக் கூலி கொடுத்த பிறகு மிஞ்சியது நூல் காசுகூட இல்லை. ஏலத்தை விட்டுவிட்டேன்.

தக்கலையிலிருந்து மீண்டும்:

நகரித் தம்பி, ஏலத்தை விட வேண்டாம், சரக்கை மாற்றுங்கள். கடையில் இருப்பதை ஏலத்தில் வைக்கக் கூடாது. அதன் பக்கத்து வீட்டுப் பொருளை வைக்க வேண்டும். நான் ஏலத்தில் வைப்பது முத்திரை விழாதது, கடையில் இருப்பது விழுந்தது. தோற்றவர் கொஞ்சம் இறங்கி வந்து வாங்குவார், காத்திருந்தாலும் அது ஏலத்துக்கு வராது. உங்கள் தறியில் பாவு (நீளவாட்டு நூல்) முடியும்போது ஒன்றே ஒன்றாக விழும் நிறச் சேர்க்கை இருக்குமே, அதை ஏலத்துக்கு விட்டுப் பாருங்கள். கைத்தறிக் கணக்கு எனக்குத் தெரியாது. தவறாக இருந்தால் திட்டுங்கள், வீட்டில் பழகிவிட்டது.

வேல்ஸ்காரர் இதுவரை என்னிடம் முப்பதுக்கு மேல் வாங்கிவிட்டார். போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தில் மீன் உண்டா? அவருடைய பேரன் மீன் படம் போட்ட தலைகளைச் சேர்க்கிறானாம். என்னிடம் மீன் ஒன்றுகூட இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.