கன்வெர்ஷன் தெரபித் தடை: ஜெபம் எங்கே முடிகிறது, 'சிகிச்சை' எங்கே தொடங்குகிறது?

கேள்வி

சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்திவரும் ஊழியன் நான். சென்ற மாதம், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, 19 வயது இளைஞன் ஒருவன் என்னிடம் வந்து, தனக்கு ஆண்களிடம் மட்டுமே ஈர்ப்பு இருப்பதாகச் சொல்லி, "இது என்னை விட்டுப் போக வேண்டும், ஜெபம் பண்ணுங்கள் அண்ணா" என்று கேட்டான். அப்போது பொதுவாக ஏதோ ஜெபித்து அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே அவனுடைய தாயார், இப்படிப்பட்டவர்களை மாற்றுவதற்கென்றே இருக்கிற ஆலோசகர் ஒருவரிடம் மகனை அழைத்துப் போகலாமா என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பாலீர்ப்பை மாற்ற முயலும் கன்வெர்ஷன் தெரபியைப் பல நாடுகள் தடை செய்துவருகின்றன. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் கர்த்தர் ஏற்படுத்திய உடன்படிக்கை என்றே நான் விசுவாசிக்கிறேன். அதை மறைத்துக்கொண்டு இங்கே பேச விரும்பவில்லை. இந்த விசுவாசத்தை வைத்துக்கொண்டே ஒருவர் அந்தத் தடையை ஆதரிக்க முடியுமா? தன்பாலின உறவைப் பாவம் என்று சொல்லும் ரோமர் 1ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பதும், தானாகத் தேடி வருகிறவனுக்காக ஜெபிப்பதும் நாளைக்குக் குற்றமாகிவிடுமா?

மறுமொழி 1

சகோதரரே, இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஜெர்மனி 2020இல் கொண்டுவந்த சட்டம் முதன்மையாக 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் காக்கிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை, ஏமாற்றியோ வற்புறுத்தியோ சம்மதம் வாங்கியிருந்தால்தான் குற்றம். கனடாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, வயது வந்தவர் தாமே சம்மதித்தாலும் விட்டுவிடுவதில்லை. இந்தியாவில், சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் மருத்துவத்தின் பெயரால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தது. நியூசிலாந்து 2022இல் இயற்றிய சட்டம், மாற்றவோ அடக்கவோ வேண்டும் என்ற நோக்கம் இல்லாமல் ஒருவர் தம் மத நம்பிக்கையை எடுத்துச் சொல்வதற்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. பிரசங்கத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இதுவே ஏறக்குறைய விடை: சபைக்குப் போதிப்பது வேறு, ஒருவனை எதிரில் உட்காரவைத்து அவனை மாற்றியே தீருவது என்று வாரக்கணக்கில் முயல்வது வேறு.

உங்கள் கேள்வியின் முதல் பாதிதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூல், 2357 முதல் 2359 வரையுள்ள பத்திகளில் தன்பாலினச் செயல்களை ஏற்க மறுக்கிறது. அந்த ஈர்ப்புடையவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. அவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. ஆனால் ஈர்ப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, இந்தச் சிகிச்சையைத் தடை செய்யும்படி 2017 ஜூலையில் அரசைக் கேட்டுக்கொண்டது. அதற்காகத் திருமணத்தைப் பற்றிய தன் போதனையை அது திருத்திக்கொள்ளவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது என்பது சரியல்ல.

மறுமொழி 2

முப்பது ஆண்டுகளாகப் போதகராக இருக்கிறேன். மேலே எழுதியவர் விக்டோரியாவை விட்டுவிட்டார். ஆஸ்திரேலியாவின் அந்த மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், ஒருவருடைய பாலீர்ப்பை மாற்றவோ அடக்கவோ செய்யப்படும் ஜெபத்தையும் பிசாசு துரத்துவதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவரே கேட்டுக்கொண்டிருந்தாலும் விலக்கு இல்லை. இதை ஒருவர்மேல் நடத்தியதற்குச் சிறை என்பது உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு நேர்ந்ததாக நிரூபணமானால்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னை உறுத்துவது 'அடக்குதல்' என்ற சொல். விவாகமான ஒருவன் வேறொரு பெண்ணிடம் தன் மனம் சாய்வதாகச் சொல்லி அழுதால், அவனுடைய இச்சையடக்கத்துக்காக நான் ஜெபிக்கிறேன். தனித்து வாழ்ந்து கர்த்தருக்கு ஊழியம் செய்யத் தானே தீர்மானித்த தன்பாலீர்ப்புள்ள விசுவாசி அதே ஜெபத்தைக் கேட்டால், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? மின்சார அதிர்ச்சி கொடுத்தவர்களையும் பட்டினி போட்டவர்களையும் தண்டியுங்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

மறுமொழி 3

ஐயா, மின்சார அதிர்ச்சியைச் சொன்னீர்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். 21 வயதில் நானே விரும்பித்தான் போனேன்.

அந்த ஆலோசகர் ஒரு சிறிய நோட்டைக் கொடுத்து, ஆண்களைப் பற்றிய நினைவு வரும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னார். ஐந்தாவது கோடு குறுக்கே. ஞாயிறுதோறும் பக்கங்களை எண்ணுவார். கோடுகள் குறைந்தால் ஸ்தோத்திரம், கூடினால் உபவாசம். மூன்றாம் மாதத்தில் நான் பொய்க்கணக்கு எழுதத் தொடங்கினேன்; அந்தப் பொய்க்கணக்கை வைத்து எனக்கு விடுதலை கிடைத்ததாகச் சபையில் சாட்சி சொன்னார்கள். பிறகு, தகப்பனுடைய அன்பு கிடைக்காததால்தான் இப்படி ஆகிறது என்று விளக்கி, அப்பாவின் குறைகளை எழுதி அவர் முன்னாலேயே வாசிக்கச் செய்தார்கள். நான் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் கட்டிலருகே நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிய மனிதர் அவர். அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வேலைக்கென்றே 1976இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013இல் மூடப்பட்டது. அதன் தலைவர் பாதிக்கப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்த அன்றுதான், மாறாமல் போனதற்கு என் அவிசுவாசம் காரணமல்ல என்று எனக்குள் முதல் முறையாகச் சொல்லிக்கொண்டேன். 'மாறிவிடுவாய்' என்ற வாக்குறுதிதான் காயப்படுத்துகிறது, ஐயா. அது நிறைவேறாத ஒவ்வொரு வாரமும் குற்றவாளி நானே. இச்சையடக்கம் வேண்டி ஒருவன் கேட்கும் ஜெபம் இதிலிருந்து வேறுபட்டது என்பதையும், சட்டம் அந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. இன்றும் திருவிருந்தில் பங்கெடுக்கிறேன்.

மறுமொழி 2 எழுதியவர்

தம்பி, நான் வாக்குறுதியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அப்படி வாக்குக் கொடுத்து நானும் ஜெபித்திருக்கிறேன், இரண்டு பேருக்கு. சட்டத்தின் சொற்களைப் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கப்போகிறேன்.

கேள்வி கேட்டவர்

மாறிவிடுவான் என்று உறுதி கொடுக்கிற எவரிடமும் மகனை அழைத்துப் போக வேண்டாம் என்று அவன் தாயாரிடம் இன்று மாலை சொல்லிவிட்டேன். "அப்படியானால் நான் என்னதான் செய்வது?" என்று அவர் கேட்டார், தகப்பனாருக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். அவன் மறுபடியும் என்னிடம் வரும்போது, எதற்காக ஜெபிக்கட்டும் என்று முதலில் அவனையே கேட்டு, எதையும் வாக்குக் கொடுக்காமல் ஜெபிப்பதாக இருக்கிறேன். மூன்றாம் மறுமொழி எழுதிய சகோதரரே, அந்த வயதில் உங்கள் தாயார் உங்களிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? முடிந்தால் எழுதுங்கள், அதை அப்படியே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.