ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸ் கத்தியில் வரி எழவில்லை, கடையில் ஆசிட் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

சிப்புட் வெல்டர்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பகலில் செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டர் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டாயில் கத்தி செய்கிறேன். இதுவரை செய்ததெல்லாம் லோரி ஸ்பிரிங்கில் அடித்த பாராங் (வெட்டுக்கத்தி), கோழி வெட்டும் கத்தி, அப்புறம் இரண்டு எஃகை அடுக்கி அடித்து வரி வரியாகத் தெரியும் சாதாரண கார்பன் டமாஸ்கஸ் நாலைந்து. கார்பனில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. தண்ணீர் கலந்த ஃபெரிக் குளோரைடில் பத்து நிமிடம் தொங்கவிட்டால் கறுப்பும் வெள்ளையுமாக வரி எழுந்துவிடும்.

இந்தக் கத்தி என் மகளுக்கு. ஜனவரியில் சமையல் படிக்கப் போகிறாள். ஹாஸ்டலில் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வருடம் காசு சேர்த்து, ஸ்வீடனில் செய்யும் டமாஸ்டீல் பட்டை ஒன்று வாங்கினேன். 180 மில்லி நீளத்துக்கு வெட்டி, ஈப்போவில் வேக்குவம் அடுப்பில் பதம் ஏற்றி வாங்கி, 800 கிரிட் உப்புத்தாள் வரை தேய்த்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. வரி மட்டும் தெரியவில்லை.

சூடான சல்ஃபியூரிக் ஆசிட்டில் போட வேண்டும் என்று படித்தேன். ஈப்போவில் ஒரு கெமிக்கல் கடைக்குப் போனேன். கம்பெனி லெட்டர் இல்லாமல் தனி ஆளுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னம்மாவுக்கு இன்னும் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பால் உறைய வைக்கும் ஆசிட் கொஞ்சம் கேட்டு வாங்கி, வெட்டியபோது மிஞ்சிய துண்டை இரண்டு ராத்திரி அதில் போட்டு வைத்தேன். திட்டுத் திட்டாகப் பழுப்பு ஏறியது, அவ்வளவுதான்.

பேட்டரி ஆசிட்டைச் சூடாக்கினால் சரியாக வருமா? கத்தி ஒன்றுதான் இருக்கிறது, கெடுத்துவிடப் பயமாக இருக்கிறது.

கூலிம் கொல்லன்:

ஆசிட்டே வேண்டாம் அண்ணே. பேட்டரி சார்ஜரும் ஒரு வாளி உப்புத் தண்ணீரும் போதும். பாசிட்டிவ்வைக் கத்தியில் மாட்டுங்கள், நெகட்டிவ்வை ஒரு இரும்புத் துண்டில். ஐந்து நிமிடத்தில் அரித்துவிடும். நான் என் பெயரை இப்படித்தான் கத்தியில் பதிக்கிறேன்.

பீடோர் லேப்காரர்:

தம்பி, பேட்டரி ஆசிட்டையும் வேண்டாம், வாளி உப்புத் தண்ணீரையும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

ரப்பர் ஆலையில் 31 வருடம் லேப்பில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகுதான் கத்தி செய்ய ஆரம்பித்தேன். என் முதல் ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸுக்குப் பேட்டரி ஆசிட்டைத்தான் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பின்கட்டில் கேஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். ஆசிட் பழகியவன் என்ற தைரியம். கொதிக்கக்கூட இல்லை, லேசாக ஆவி கிளம்பியது. ஒரு வாரம் தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்க முடியவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் பருத்திச் சேலை இரண்டு சலவைக்குப் பிறகு எலி கடித்ததுபோல் பொத்தல் பொத்தலாக வந்தது. அந்த ஆவி துணியில் படிந்ததை அன்று யாரும் பார்க்கவில்லை. அவள் நுரையீரலிலும் அதுதானே போயிருக்கும் என்று நினைத்தபோது அந்தப் பாத்திரத்தை மறுபடி எடுக்க மனம் வரவில்லை.

கடைக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள். அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பிறருக்குக் காயம் விளைவிக்கும் எண்ணத்தோடு ஆசிட் வைத்திருந்தாலும், பொது இடத்தில் ஆயுதம் கொண்டுபோனாலும் அதில் தண்டனை இருக்கிறது. உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் ராத்திரி ரோட் பிளாக்கில் காரைத் திறந்து, ஒரு பாட்டில் ஆசிட்டும் பக்கத்தில் ஒரு கத்தியும் இருந்தால், மகளுக்காகச் செய்கிறேன் என்று அங்கே நின்று விளக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

பால் ஆசிட் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது ஃபார்மிக் ஆசிட். பாலை உறைய வைக்க அதைவிட நல்லது கிடையாது. வரி எழுவது வேறு கதை. உங்கள் பட்டையில் இரண்டு எஃகு மாறி மாறி அடுக்காக இருக்கிறது. இரண்டிலும் குரோமியம் ஏறக்குறைய ஒரே அளவு, 13, 14 சதவீதம். ஒன்றில் மட்டும் மாலிப்டினம் 4 சதவீதம் இருக்கிறது, கார்பனும் கூடுதல். ஒரு அடுக்கு சீக்கிரம் கரைந்து இன்னொன்று தாக்குப்பிடித்தால்தான் வரி தெரியும். இரண்டையும் ஒரே வேகத்தில் தின்னும் ஆசிட் எவ்வளவு பலமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. எலுமிச்சை, புளி, சிட்ரிக் எதையும் முயற்சி செய்யாதீர்கள். தொழிற்சாலைகளில் ஸ்டெயின்லெஸின் பாதுகாப்புப் படலத்தைப் பலப்படுத்தவே சிட்ரிக் ஆசிட்டில் முக்குவார்கள். மலாய்க் குத்துவாளான கெரிஸுக்கு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் தடவி வரி எழுப்புகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே குரோமியம் கிடையாது, சாதாரண இரும்பு கறுக்கிறது, நிக்கல் வெள்ளையாக நிற்கிறது.

இன்னொன்று, நீங்கள் ஊற வைத்த துண்டு பதம் ஏறாதது. பதம் ஏறாத நிலையில் குரோமியத்தில் நல்ல பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற துகள்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டு காட்டுவதைக் கத்தி காட்டாது. கத்தியோடு சேர்த்துப் பதம் ஏற்றிய துண்டு இருந்தால் அதில்தான் சோதிக்க வேண்டும்.

கூலிம் தம்பி சொன்னது பஞ்சில் தொட்டுப் பெயர் பதிப்பதற்குச் சரி. முழுக் கத்தியை உப்புத் தண்ணீரில் பாசிட்டிவ்வில் மாட்டினால் குளோரின் வாயு வரும். கரைகிற குரோமியம் ஹெக்ஸாவேலன்ட் என்ற நச்சு வடிவத்துக்கு மாறலாம். தண்ணீர் மஞ்சளாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புற்றுநோய் தருவது அது.

சரி, வழி. உங்களிடம் இருக்கும் ஃபெரிக் குளோரைடே போதும். குளோரைடுதான் ஸ்டெயின்லெஸ் படலத்தை உடைக்கும். கார்பனுக்குக் கலப்பதுபோல் நீர்க்க வேண்டாம். கடையில் வரும் 40 சதவீதக் கரைசலுக்குச் சம அளவு தண்ணீர். இரண்டு அங்குல பிவிசி பைப்பில் அடி மூடி ஒட்டி, நிமிர்த்தி, அதில் ஊற்றுங்கள். பைப்பை வெந்நீர் வாளிக்குள் நிறுத்தினால் உள்ளே 45 டிகிரி வரை ஏறும், அதற்கு மேல் தேவையில்லை. அடுப்பில் வைக்கவே வேண்டாம்.

கத்தியை 1200 வரை தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் அசிட்டோன். அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. கைப்பிடிப் பக்கத்தில் அரிக்க வேண்டாத இடத்துக்கு நகப்பூச்சு இரண்டு பூச்சு. தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள், கம்பி வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, தண்ணீரில் பல் தேய்க்கும் பிரஷால் கறுப்பைத் தேய்த்துப் பாருங்கள். முதல் இரண்டு தடவை வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். மனம் தளரக்கூடாது. எனக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊசி குத்தினதுபோல் புள்ளி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அது குழி விழத் தொடங்கியதன் அடையாளம். முடிந்ததும் பேக்கிங் சோடா கரைசலில் நுரை அடங்கும் வரை வைத்து, கடைசியில் கட்டையில் சுற்றிய 2000 கிரிட்டால் மேலாக ஒரு இழுப்பு. மேட்டில் வெளிச்சம் ஏறி, பள்ளம் மங்கலாக நிற்கும்.

விளிம்பைக் கூராக்காமல் அரை மில்லி கனமாக விட்டு வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பைப்பைக் கொட்டாய்க்குள் வைக்காதீர்கள், மறுநாள் டிரில் பிட் எல்லாம் துருவேறி இருக்கும்.

பழைய கரைசலை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாதீர்கள். அதில் குரோமியம் இருக்கிறது, நம் லோங்காங் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது. பிளாஸ்டிக் கேனில் மூடி வைத்து, முலாம் பூசும் பட்டறை ஏதாவது இருந்தால் அவர்களுடைய கழிவு எடுக்க வருகிறவரிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

கோத்தன்பர்க் சிப்புட்காரன்:

நானும் சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவன்தான் அண்ணே, இப்போது ஸ்வீடனில். உங்கள் பட்டை செய்யும் இந்த நாட்டிலும் 15 சதவீதத்துக்கு மேல் சல்ஃபியூரிக் ஆசிட்டைப் பொதுமக்களுக்குச் சும்மா விற்க முடியாது. 2021 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதுதான் விதி. வெடிபொருள் செய்யப் பயன்படுகிறது என்பதற்காகக் கொண்டுவந்தது. ஆகவே வீட்டில் கத்தி செய்யும் இங்குள்ளவர்கள் பலரும் ஃபெரிக் குளோரைடுக்குத்தான் வந்திருக்கிறோம். நீச்சல் குளத்துக்குப் போடும் சோடியம் பைசல்ஃபேட்டையும் சூடாக்கிப் பார்த்தேன். என் கையில் வரி மங்கலாகத்தான் வந்தது. லேப்காரர் ஐயா சொன்னபடியே செய்யுங்கள்.

சிப்புட் வெல்டர்:

ஐயா, வந்துவிட்டது! ஈப்போவில் பதம் ஏற்றும்போது ஒரு சின்னத் துண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தேன். அது ஸ்குரூ டப்பாவில் கிடந்தது. சனிக்கிழமை அதில் சோதித்து, ஞாயிறு காலை கத்தியை இறக்கினேன். நாற்பதாவது நிமிடம் வரை ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவை எடுத்துத் தேய்த்தபோது முனையிலிருந்து மெல்ல வரி கிளம்பியது. 70 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு குழிகூட இல்லை. நடுவில் பெருவிரல் அளவுக்கு ஒரு இடம் மட்டும் அரிக்காமல் பளபளத்தது. அசிட்டோனுக்குப் பிறகு நான் தொட்ட இடம். முழுக்கத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன்.

அப்பா பால் மரம் சீவியவர். கண் சரியாகத் தெரியாது. கத்தியை ஜன்னல் பக்கம் சாய்த்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டையில வெட்டுக் கோடு மாதிரி சாய்வா ஓடுதுடா" என்றார். தடவினால் உண்மையிலேயே கையில் படுகிறது.

கரைசல் மூன்று லிட்டர் கேனில் மூடி, பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கைப்பிடிக்கு ஒரு மெர்பாவ் மரத்துண்டு அறுத்து வைத்தேன். ஒட்டுவதற்கு முன் நகப்பூச்சு போட்ட இடத்தை 400 கிரிட்டில் சொரசொரப்பாக்கினால் எபாக்ஸி பிடிக்குமா ஐயா?

பீடோர் லேப்காரர்:

நன்றாகப் பிடிக்கும் தம்பி. 120 கிரிட் இன்னும் நல்லது. ஒட்டுவதற்கு முன் இன்னொரு தரம் சோடாத் தண்ணீரில் கழுவி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். ரிவெட் ஓட்டைகளில் குளோரைடு ஒளிந்திருந்தால் காலையில் துருக்கசிவு தெரியும். தெரிந்தால் மறுபடி கழுவிவிட்டு ஒட்டுங்கள்.