மறு: "உள்ளறுவைக் கதிரியக்கம்" வேண்டாம் – அறுவைவேளைக் கதிர்ச்சிகிச்சை?

எல்லாருக்கும் வணக்கம்.

ஒப்பரேஷன் நடக்கும்போதே புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற முறைக்கு (intraoperative radiotherapy) ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். போன கிழமை இந்த இழையில் "உள்ளறுவைக் கதிரியக்கச் சிகிச்சை" என்று ஒரு சொல் முன்வைக்கப்பட்டது. நானும் சரியென்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். காரணம், ஆரையம்பதியில் இருக்கிற என் மாமி.

மாமியின் மகள், என் மச்சாள், லண்டனில் இருக்கிறாள். மார்பில் சின்னப் புற்றுநோய்க் கட்டி. மார்பகத்தை எடுக்கவில்லை, கட்டியை மட்டும் வெட்டி எடுத்து, அதே மயக்கத்தில், அதே ஒப்பரேஷன் மேசையில் வைத்துக் கதிர்ச்சிகிச்சையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை அவள் அனுப்பியிருந்தாள். நம் புதுச்சொல்லைப் போட்டுத் தமிழாக்கி மாமிக்கு வாசித்தேன். மாமி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. அந்தச் சொல் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"என்னகா, உள்ளுக்க எதையும் வெச்சித் தச்சிட்டானுகளா? அவள் பிள்ளையத் தூக்கலாமா?"

மாமியில் பிழையில்லை. "உள்" என்றதும் உடம்புக்குள் என்றுதான் யாரும் எடுப்பார்கள். "கதிரியக்கம்" அதைவிட மோசம். அது தானாகவே கதிரை உமிழும் பொருளின் குணம். இங்கே அப்படிப் பொருள் எதுவும் இல்லை. மச்சாளுக்குக் கதிர் கொடுத்தது இன்ட்ராபீம் என்ற கருவி: 50 கிலோவோல்ட் எக்ஸ்ரே. கட்டியை எடுத்த குழிக்குள் ஓர் உருண்டையை வைக்கிறார்கள், ஒன்றரை சென்ரிமீற்றரில் இருந்து ஐந்து வரை விட்டம். சுருக்குப்பையின் வாயை இழுக்கிற மாதிரி, சுற்றியுள்ள மார்பகச் சதையை நூலால் இழுத்து உருண்டையோடு ஒட்டவைக்கிறார்கள். உருண்டையின் மேற்பரப்பில் 20 கிரே (கிரே என்பது கதிரின் அளவை அளக்கும் அலகு). ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் போனால் அது 5 முதல் 7 கிரேதான். அரை மணித்தியாலம் அளவில் முடியும். சுவிட்சை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். உருண்டையை வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். ஆக நம் சொல்லில் இரண்டு பாதியுமே பொய் சொல்லுகிறது.

"அறுவையிடை" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இடை என்றால் இடுப்பு என்று பகிடி பண்ண வரவில்லை. இரண்டு அறுவைக்கு நடுவே என்று அது படும். இதே சிகிச்சையில், முதல் ஒப்பரேஷன் முடிந்து, ஆய்வுகூட அறிக்கையும் வந்த பிறகு காயத்தைத் திரும்பத் திறந்து கதிர் கொடுக்கிற முறையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. எப்போது கொடுத்தார்கள் என்பதில்தான் விசயமே இருக்கிறது. சொல் அதில் வழுக்கக்கூடாது.

எனக்கு முதலில் பிடித்தது "உடன்கதிர்". நம் சந்தையில் "உடன் மீன்" என்றால் இப்போதுதான் கரைக்கு வந்தது. அந்தச் சூடும் இருக்கிறது, "கூடவே" என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் மருந்தேற்றிக்கொண்டே கதிர் கொடுக்கிற வேறொரு முறை உண்டு. உடன் என்ற சொல் அங்கேதான் கூடப் பொருந்தும். மனமில்லாமல் விட்டேன்.

"சத்திரசிகிச்சைவேளைக் கதிர்ச்சிகிச்சை" என்றால் இலங்கையில் ஒப்பரேஷனைச் சத்திரசிகிச்சை என்கிற நம் வழக்கோடு ஒத்துப்போகும்தான், ஆனால் வாயில் வெற்றிலை இருந்தால் சொல்லி முடிக்க ஏலாது. சத்திரம் என்று குறுக்கினால் வழிப்போக்கர் தங்குகிற மடமாகிவிடும். அதனால் கூட்டுச்சொல்லில் மட்டும் அறுவையைக் கடன் வாங்கலாம்: அறுவைவேளைக் கதிர்ச்சிகிச்சை. எங்கே என்று கேட்காமல் எப்போது என்று மட்டும் சொல்லுகிறது. கருவியையும் உள்ளே இழுக்கவில்லை. அது முக்கியம், ஏனென்றால் எல்லா இடத்திலும் எக்ஸ்ரேயால் கொடுப்பதில்லை. இத்தாலியின் மிலானில் நடந்த ஆய்வில் இலத்திரன் கற்றையால் ஒரே முறை 21 கிரே கொடுத்தார்கள்.

"ஒருவேளைக் கதிர்" என்ற யோசனையை வாசித்துச் சிரித்தேன். ஒரே தரம் என்று எழுதப்போய் "ஒருக்கால் கதிராக இருக்கலாம்" என்று வந்து நிற்கிறது! ஆனாலும் அதில் நேர்மை உண்டு. இன்ட்ராபீமைச் சோதித்த டார்கிட் ஆய்வில் மேசையில் கதிர் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, பிந்தி வந்த ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்து, வெளியே இருந்து கொடுக்கிற வழக்கமான கதிரும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே காரணத்தால் "ஒருநாள்", "உடனடி" போன்ற விளம்பரச் சொற்களும் வேண்டாம். மிலான் ஆய்வில் 1305 பெண்கள். ஐந்து ஆண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது மேசைக் கதிர் பெற்றவர்களில் 4.4 சதவீதம், வழக்கமான கதிர் பெற்றவர்களில் 0.4. எல்லாருக்கும் ஏற்ற வழி அல்ல, ஆளைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டியது. பெயரே ஆசை காட்டக்கூடாது.

ஆசை எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எங்கட தெருவில் ஒரு அக்கா முன்பு கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் 25 தரம் கரண்ட் பிடித்தா (கதிர்ச்சிகிச்சையைச் சனம் அப்படித்தான் சொல்லும்), ஐந்து கிழமை. போக 300 கிலோமீற்றருக்கு மேல். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனா. "ஒரே நாளில் முடியும்" என்று கேட்டால் அவ என்ன நினைப்பா?

மட்டக்களப்பிலிருந்து

---

தங்கச்சி,

சம்மாந்துறையில இருந்து எழுதுறன். அறுவைவேளை எனக்குச் சம்மதம். ஆனா அறுவையையும் கதிரையும் பக்கத்தில பக்கத்தில போட்டிராதீங்க. "அறுவைக்கதிர்" என்றா எங்கட ஊரில வேளாண்மை வெட்டு ஞாபகம்தான் வரும், மெசின் எப்ப வருது என்று கேட்பானுகள். நடுவில வேளை நிற்கிறதால தப்பிச்சம். அடைப்புக்குள்ள "மேசையிலேயே கொடுக்கும் கரண்ட்" என்று ஒரு தரம் போடுங்க. சனம் அந்தச் சொல்லைப் பிடிச்சித்தான் உள்ள வரும்.

பிரசுரத்தில கட்டி இருந்த இடத்துக்கு "கட்டிப்படுக்கை" என்று போட்டிருக்கீங்க. கட்டி எங்க படுத்தது? "கட்டித்தடம்" எப்படி?

---

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்), கட்டித்தடம் அருமை, எடுத்துக்கொண்டேன். கரண்டையும் போட்டாயிற்று.

திருத்தியதை நேற்று மாமிக்கு வாசித்தேன். "அப்ப தியேட்டருக்குள்ளேயே கரண்டும் முடிஞ்சி," என்றா. பிறகு பழைய கேள்விதான், பிள்ளையைத் தூக்கலாமா என்று. கதிரால் ஒன்றுமில்லை மாமி, காயம் ஆறுமட்டும் பாரம் தூக்க வேண்டாம், தையலுக்காக என்றேன். "அதைப் பேப்பரில எழுதியிருக்காகா?" என்று கேட்டா. எழுதியிருக்கவில்லை. இப்போது சேர்த்திருக்கிறேன், சொல்லுக்கு நேர் கீழே.