மறு: நியூரோகிளைக்கோபீனியா – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். இரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கி மூளைக்கே போதாமல் போவதுதான் நியூரோகிளைக்கோபீனியா. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'நரம்புச் சர்க்கரைக் குறைவு' என்று நேராகவே வைத்துவிடலாமே?

நேராகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் நரம்பையும் சர்க்கரையையும் ஒன்றாகப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது பாத எரிச்சலும் மரத்துப்போதலும்தான். அது சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்ததால் வரும் நரம்புச் சிதைவு. இதுவோ சில நிமிடங்களில் ஆளைத் தடுமாற வைப்பது. 'குறைவு' இன்னும் மோசம். "அப்பாவுக்கு சுகர் குறைஞ்சிருக்கு" என்றால் வீட்டில் அது நல்ல செய்தி!

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இரத்தக் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசிக்கும். இவையெல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். நாம் பெயர் தேடுவது இவற்றுக்கு அல்ல.

54-க்கும் கீழே போகும்போது மூளைக்கே குளுக்கோஸ் போதாமல் போகிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பென்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அப்புறம் பேச்சு குழறும், பார்வை மங்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். முற்றினால் வலிப்பு, மயக்கம். சட்டைப் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருப்பார். "சுகர் பாருங்க" என்றால் "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று கத்துவார். தெருவில் என்றால் குடித்திருக்கிறார் என்பார்கள். வயதானவர் என்றால் மறதி நோய் என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டாம் கூட்ட அறிகுறிகளுக்குத்தான் சொல் வேண்டும்.

கிரேக்கத்தில் 'பீனியா' வறுமை. வறட்சி, பஞ்சம், ஏழ்மை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பஞ்சம் ஆண்டுக்கணக்கில் நீள்வது. வறட்சி என்றால் நாக்கு வறண்டது என்றுதான் படிப்பார்கள். என் பரிந்துரை 'தட்டுப்பாடு'. தண்ணீர்த் தட்டுப்பாடு என்பது போல, வரவேண்டியது வரவில்லை, வந்தால் சரியாகிவிடும் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. யாரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

> மூளைச் சர்க்கரைத் தட்டுப்பாடு?

கிட்டத்தட்ட. ஆனால் 'சர்க்கரை' நம்மிடம் நோய்க்கும் பெயர், சீனிக்கும் பெயர். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்குச் சீனி குடலில் மெதுவாகத்தான் உடையும்; அவர்களுக்குத் தாழ்சர்க்கரை வந்தால் குளுக்கோஸாகவே கொடுக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் கலைச்சொல்லிலேயே அழித்துவிடக் கூடாது. குளுக்கோஸ் பெட்டிக்கடை வரை வந்துவிட்ட சொல், இருக்கட்டும். ஆகவே 'மூளைக் குளுக்கோஸ் தட்டுப்பாடு'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

> எச்சரிக்கை அறிகுறிகளே தெரியாமல் போவதற்குத் 'தாழ்சர்க்கரை அறியாமை'?

'அறியாமை' நோயாளியைத் திட்டுவது போல இருக்கிறது. அவர் அறியாதவர் அல்ல. தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தால் அட்ரினலின் சுரக்கத் தொடங்கும் அளவே கீழே இறங்கிவிடுகிறது. நடுக்கமும் படபடப்பும் வராமலே நேராகத் தடுமாற்றத்துக்குப் போய்விடுகிறார். சில வாரங்கள் தாழ்சர்க்கரை வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு இது திரும்பக் கூடியது. 'உணர்விழப்பு' என்றும் போட முடியாது, மயக்கம் என்று படித்துவிடுவார்கள். 'தாழ்சர்க்கரை உணராமை' என்றால் போதும்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும், உடனே 108. சொல்லில் ஆட்சேபம் உள்ளவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். 'பஞ்சம்' அணியினர் இன்னும் இருவர் இருக்கிறார்கள் என்று தெரியும்.