‘குளிர்மடு’ சரியாக வருமா?

அன்பு நண்பர்களே,

மலைச்சரிவுத் தோட்டத்தில் உறைபனி தாக்கும் பள்ளத்துக்குப் ‘பனிப்பை’ என்ற சொல் வந்திருக்கிறது. ‘ஃப்ராஸ்ட் பாக்கெட்’டை அப்படியே பெயர்த்தது அது. எனக்கு ஒப்பவில்லை. புல்நுனித் துளியும் நமக்குப் பனிதான், மார்கழி மூடுபனியும் பனிதான். அதைவிட முக்கியம், அங்கே தேங்குவது பனியே அல்ல, குளிர்ந்த காற்று.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழக்கிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர்போலச் சரிவில் இறங்கித் தாழ்வில் நிற்கிறது. ஈரமிருந்தால் வெள்ளை படியும். காற்று வறண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. லூக்கோஸ்பெர்மம் என்ற புரோட்டியா குடும்பப் பூச்செடியின் குருத்து மட்டும் விடிந்ததும் வெந்நீர் பட்டதுபோல் துவண்டு, பிறகு கறுத்துப்போகும். வெள்ளையைத் தேடுகிறவர் இதை நோயென்று எண்ணி மருந்தடிப்பார். ஆகவே ‘குளிர்மடு’ என்கிறேன்.

> மடு என்றால் ஆழம். சரிவின் நடுவே மதிலுக்குப் பின்னாலும் இது உண்டாகிறதே?

ஆற்றில் பாறை மறித்த இடத்திலும் மடு விழுகிறதே ஐயா. சரிவுக்குக் குறுக்கே நிற்கும் மதிலோ அடர்வேலியோ இங்கே அணை. தோட்டத்தின் கீழ்வேலியில் அடிக்கிளைகளை அரை மீட்டர் உயரம்வரை கழித்துவிட்டால் குளிர் வடிந்துவிடும். அந்தத் திறப்பைக் ‘குளிர்மடை’ எனலாம். மேல்வேலி அடர்த்தியாகவே இருக்கட்டும். மேலிருந்து இறங்குவதைத் திருப்பிவிடும்.

உதகையில் தலைகுந்தா, காந்தல் தாழ்வுகள் நல்ல எடுத்துக்காட்டு. நீலகிரிப் புல்வெளியில் சோலைமரக் கன்றுகள் உறைபனியில் கருகும். காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மட்டும் தனித்து நிற்கும்.

> சொல் சரி. மடுவில் எதை நடுவது?

பாட்டில் பிரஷ், ரோஸ்மேரி இலைக் கிரெவில்லியா இரண்டும் தாங்கும். லூக்கோஸ்பெர்மத்தையும் புரோட்டியாவின் இளங்கன்றையும் அங்கே வைக்கவே வேண்டாம், சரிவின் இடைப்பகுதிக்கு ஏற்றுங்கள். நடவு மார்ச்சில், உறைபனி முடிந்தபின். நவம்பருக்குள் தண்டு முற்றிவிடும். செப்டம்பருக்குமேல் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும் கவாத்தும் கூடாது, இளந்துளிர்தான் முதலில் சாகும். கருகிய கிளையையும் பிப்ரவரி தாண்டியே வெட்டுங்கள், அதுவரை உள்ளே இருக்கும் மொட்டுக்கு அதுவே போர்வை.

வைக்கோல் மூடாக்கைக் குளிர்காலத்தில் தண்டருகிலிருந்து விலக்குங்கள். மண்ணின் சூடு இரவில் மேலே வரவிடாமல் அது தடுக்கிறது. ஈரமான வெறுமண் பகலில் சூட்டைச் சேர்த்து இரவில் விடும். கன்றுகளுக்கு, தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மூடும் கோத்தகிரி மிலார் செடியே போதும்.

லூக்கோஸ்பெர்மம், புரோட்டியா, கிரெவில்லியா மூன்றுக்கும் சூப்பர் பாஸ்பேட்டும் எலும்புத்தூளும் வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைந்த மண்ணிலிருந்து வந்தது இந்தப் புரோட்டியா குடும்பம். கொத்துக்கொத்தான நுண்வேர்கள் அதைக் கட்டுப்பாடின்றி இழுத்துக்கொள்ள, இலை மஞ்சளாகி ஓரம் கருகும். இதைக் குளிர்க்காயம் என்று பலரும் தவறாக எண்ணுகிறார்கள்.

மடு எங்கே என்று அறிய, குறைந்தபட்ச வெப்பமானியைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் நாலைந்து இடங்களில் வையுங்கள். வானிலை நிலையம் ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே அளக்கிறது; அங்கே 2 டிகிரி காட்டும் இரவில் புல்மட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம்.

> அந்த இடைச்சரிவுக்கும் பெயர் வேண்டுமே. ‘வெப்பப் பட்டை’?

அங்கே வெப்பம் ஏது? குளிர் குறைவு, அவ்வளவுதான். ‘மிதக்குளிர்ப் பட்டை’ என்று வைத்துப் பார்ப்போம்.